மயக்க மருந்துக்கு ஒரு கணக்குப் புத்தகம்

மூளையில் ஆபரேஷன் என்றால் நம் கண் முன்னால் வருவது யார்? முகமூடி போட்ட சர்ஜன், கையில் கத்தி, மேலே பெரிய விளக்கு. அவ்வளவுதான். அதே அறையில் இன்னொரு டாக்டரும் இருக்கிறார் என்பது பெரும்பாலும் நமக்கு ஞாபகத்துக்கே வராது. அவர்தான் மயக்க மருந்து டாக்டர்.

மற்ற ஆபரேஷன்களில் அவருக்கு நோயாளியின் தலைமாட்டில் இடம் உண்டு. மூளை ஆபரேஷனில் அந்த இடம் சர்ஜனுக்குப் போய்விடும். பக்கவாட்டிலோ கால் பக்கத்திலோ இருந்தபடி, ஆறு மணி நேரமோ எட்டு மணி நேரமோ அவர் ஒரு உயிரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவரிடம் ஒரு தாள் இருக்கும். இன்று பல ஆஸ்பத்திரிகளில் தாளுக்குப் பதில் கம்ப்யூட்டர் திரை. நாடித்துடிப்பு எவ்வளவு, ரத்த அழுத்தம் எவ்வளவு, என்ன மருந்து எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதில் பதிவாகிக்கொண்டே இருக்கும்.

பார்த்தால் சாதாரணத் தாள். ஆனால் அதற்கு நூற்று முப்பது வயதுக்கு மேல் ஆகிறது. அதை ஆரம்பித்து வைத்தவர்கள் பெரிய பேராசிரியர்கள் அல்ல, இரண்டு மாணவர்கள். அதற்குக் காரணமாக இருந்தது ஒரு மரணம்.

வலி போனது, பயம் போகவில்லை

1846ம் ஆண்டு அக்டோபர் 16ம் தேதி, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில், வில்லியம் மார்ட்டன் என்ற பல் டாக்டர் ஒரு நோயாளிக்கு ஈதர் ஆவியைக் கொடுத்தார். ஜான் காலின்ஸ் வாரன் என்ற சர்ஜன் அந்த நோயாளியின் கழுத்தில் இருந்த கட்டியை அறுத்தார். நோயாளி கத்தவில்லை! அடுத்த ஆண்டே எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்ப்சன் குளோரோஃபார்மைக் கொண்டுவந்தார். வலியில்லாத ஆபரேஷன் என்ற செய்தி உலகம் முழுவதும் பரவியது.

ஆனால் 1848 ஜனவரியிலேயே முதல் அதிர்ச்சி வந்துவிட்டது. இங்கிலாந்தின் நியூகாசில் அருகே ஹானா கிரீனர் என்ற 15 வயதுப் பெண்ணுக்குக் கால் விரல் நகத்தை எடுப்பதற்காகக் குளோரோஃபார்ம் கொடுத்தார்கள். சில நிமிடங்களில் அவள் இறந்துபோனாள். நகத்தை எடுக்கப் போன இடத்தில் உயிர் போனது.

இப்படி மரணங்கள் நடந்துகொண்டே இருந்தும், மயக்க மருந்து கொடுப்பதை ஒரு தனி வேலையாக அமெரிக்காவில் யாரும் பெரிதாக மதிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் யார் இளையவரோ அவர் தலையில் அந்த வேலை விழும். பல சமயம் மருத்துவ மாணவர்களே கொடுத்தார்கள். யாரும் சொல்லிக் கொடுக்க மாட்டார்கள். முகத்தில் துணியை வை, ஈதரை ஊற்று, மயங்கியதும் உள்ளே தள்ளிக்கொண்டு வா. இதுதான் பாடம்.

1893: ஒரு மாணவனின் முதல் நோயாளி

ஹார்வி குஷிங் 1869ல் கிளீவ்லண்டில் ஒரு டாக்டர் குடும்பத்தில் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிவிட்டு ஹார்வர்டில் மருத்துவம் படிக்க வந்தார். 1893ல், மாணவர்கள் உட்கார்ந்து பார்க்கும் ஆபரேஷன் அரங்கில் அவரும் ஒரு பார்வையாளர். திடீரென்று அவரைக் கீழே கூப்பிட்டு, பக்கத்து அறையில் இருக்கும் நோயாளிக்கு ஈதர் கொடுக்கச் சொன்னார்கள். அந்த நோயாளிக்குக் குடலிறக்கம் முறுக்கிக்கொண்டு நிலைமை மோசமாக இருந்தது. குஷிங்குக்கு அந்த வேலை ஒன்றும் தெரியாது. உடன் இருந்த ஆஸ்பத்திரி ஊழியர் சொல்லச் சொல்ல ஈதரைக் கொடுத்தார்.

நோயாளியை அரங்கத்துக்குள் கொண்டுவந்தார்கள். சர்ஜன் அவசரத்தில் இருந்தார். அப்போது நோயாளியின் வயிற்றில் இருந்து திரவம் வாய் வழியாகப் பொங்கி வந்து மூச்சுக் குழாய்க்குள் போனது. நோயாளி இறந்துவிட்டார். இதில் கொடுமை என்னவென்றால், ஆபரேஷன் செய்முறை விளக்கம் நிற்காமல் நடந்து முடிந்தது. சுற்றி உட்கார்ந்திருந்த மாணவர்களுக்கு என்ன நடந்தது என்றே தெரியாது.

தான்தான் அந்த மனிதரைக் கொன்றுவிட்டதாகக் குஷிங் நினைத்தார். தெருத் தெருவாக நடந்தார். மருத்துவப் படிப்பையே விட்டுவிடலாம் என்று முடிவு செய்து, அன்று மாலை அந்த சர்ஜனைப் போய்ப் பார்த்தார். கிடைத்த பதில் அவரை இன்னும் திகைக்க வைத்தது. அந்த நோயாளி எப்படியும் பிழைத்திருக்க மாட்டார், இது மாதிரி அடிக்கடி நடக்கும், மறந்துவிடு என்பதுதான் பதில். இதையெல்லாம் பல ஆண்டுகள் கழித்து 1920ல் ஒரு கடிதத்தில் குஷிங்கே எழுதி வைத்தார்.

"அடிக்கடி நடக்கும்" என்றால் எத்தனை முறை? யாரிடமும் கணக்கு இல்லை. எதனால் நடக்கிறது? அதற்கும் கணக்கு இல்லை.

ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பந்தயம்

குஷிங் படிப்பை விடவில்லை. அவருடைய வகுப்புத் தோழர் எர்னஸ்ட் கோட்மன். இருவரும் சேர்ந்து ஒரு பந்தயம் போட்டார்கள். யார் நல்ல முறையில் மயக்க மருந்து கொடுக்கக் கற்றுக்கொள்கிறாரோ, அவருக்கு மற்றவர் சாப்பாடு வாங்கித் தர வேண்டும்!

யார் நன்றாகக் கொடுத்தார் என்று எப்படித் தீர்மானிப்பது? அதற்கு ஏதாவது ஆதாரம் வேண்டும் அல்லவா? ஹாரிங்டன் என்ற சர்ஜன் கொடுத்த யோசனையின் பேரில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு தாள் போட ஆரம்பித்தார்கள். கட்டம் போட்ட அந்தத் தாளில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நாடித்துடிப்பு, மூச்சு ஆகியவற்றைக் குறித்தார்கள். 1894 நவம்பர் 30ம் தேதியிட்ட கோட்மனின் தாள் இன்றும் இருக்கிறது. இவற்றை 1940ல் ஹென்றி பீச்சர் என்ற ஹார்வர்ட் மயக்கவியல் பேராசிரியர் உலகத்தின் முதல் மயக்க மருந்துப் பதிவேடுகள் என்று பிரசுரித்தார்.

இந்தத் தாள் என்ன செய்தது? இரண்டு விஷயங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுத வேண்டும் என்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். ஆபரேஷனை வேடிக்கை பார்த்துக்கொண்டு நோயாளியை மறந்துவிட முடியாது. இரண்டாவது, நாடித்துடிப்பு 90, 100, 110 என்று ஏறிக்கொண்டே போவது தாளில் கோடாகத் தெரியும். விரல் வைத்துப் பார்த்தால் அந்த நிமிடம் மட்டும்தான் தெரியும். எழுதி வைத்தால் போக்கு தெரியும். வணிகவியல் மாணவர்களுக்கு இது புதிதல்ல. கையில் இருக்கும் ரொக்கத்தை எண்ணுவது வேறு, பேரேட்டைப் பார்ப்பது வேறு.

மண்டை ஓடு என்ற மூடிய பெட்டி

குஷிங் பிறகு மூளை அறுவை சிகிச்சைக்குப் போனார். நவீன மூளை அறுவை சிகிச்சையின் தந்தை என்று இன்று அவரைச் சொல்கிறார்கள். அங்கே மயக்க மருந்தின் பிரச்சனை பல மடங்கு பெரிதாகிறது. ஏன்?

வயிறு வீங்கினால் தோல் இடம் கொடுக்கும். மூளை வீங்கினால் இடம் கிடையாது. சுற்றிலும் எலும்பு. உள்ளே இருப்பது மூளை, ரத்தம், மூளைத் திரவம் ஆகிய மூன்றும். இதில் ஒன்று அதிகமானால் மற்ற இரண்டும் குறைய வேண்டும், இல்லையென்றால் அழுத்தம் ஏறும். நோயாளி மயக்கத்தில் இருமினாலோ திணறினாலோ ரத்தக் குழாய்கள் புடைக்கும், மூளை உப்பும். மூச்சு சரியாக இல்லாமல் கார்பன் டை ஆக்சைடு தேங்கினாலும் மூளையின் ரத்தக் குழாய்கள் விரியும். அதாவது மயக்க மருந்து கொடுப்பவர் செய்யும் தப்பு, அடுத்த சில நிமிடங்களில் சர்ஜனின் கண் முன்னால் மூளை பிதுங்கி வருவதாகத் தெரியும்!

லண்டனில் விக்டர் ஹார்ஸ்லி என்ற முன்னோடி மூளை சர்ஜன், ஈதர் ரத்த அழுத்தத்தை ஏற்றி ரத்தப் போக்கை அதிகமாக்குகிறது என்று குளோரோஃபார்மையே விரும்பினார். ஆனால் குளோரோஃபார்ம் கொஞ்சம் அதிகமானால் இதயமே நின்றுவிடும். இந்தப் பக்கம் ஓநாய், அந்தப் பக்கம் புலி.

1900, 1901ல் குஷிங் ஐரோப்பாவில் சுற்றுப்பயணம் செய்தார். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் அவர் செய்த சோதனைகளில் முக்கியமான ஒன்றைக் கண்டார். மண்டைக்குள் அழுத்தம் ஏறினால், மூளைக்கு ரத்தம் அனுப்புவதற்காக உடம்பு ரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது. நாடித்துடிப்போ குறைகிறது, மூச்சும் தாறுமாறாகிறது. நாடியை மட்டும் பார்ப்பவர், துடிப்பு நிதானமாகத்தானே இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடுவார். உண்மையில் நோயாளி சாவின் விளிம்பில் இருப்பார். ரத்த அழுத்தத்தையும் அளந்தால்தான் ஆபத்து தெரியும். இன்றும் மருத்துவப் புத்தகங்களில் இதற்குக் குஷிங்கின் பெயர்தான்.

பாவியாவில் பார்த்த ரப்பர் பட்டை

அளப்பது எப்படி? அதற்கான கருவி இத்தாலியில் கிடைத்தது. 1901 மே மாதம் பாவியா நகர ஆஸ்பத்திரியில், கையில் ரப்பர் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பாதரசக் குழாயில் அளவு பார்க்கும் கருவியைக் குஷிங் பார்த்தார். அது 1896ல் ரிவா ரோச்சி என்ற இத்தாலிய டாக்டர் உருவாக்கியது. இன்று எந்த கிளினிக்குக்குப் போனாலும் நம் கையில் சுற்றுகிறார்களே, அதன் மூதாதை. குஷிங் அதை பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மயக்க மருந்துத் தாளில் இன்னொரு கோடு சேர்ந்தது: ரத்த அழுத்தம்.

1903ல் எல்லா ஆபரேஷன்களிலும் இதை அளக்க வேண்டும் என்று கட்டுரை எழுதினார். ஹார்வர்டில் இதை ஆராய்ந்து பார்த்தார்கள். அவர்கள் முடிவு என்ன தெரியுமா? அனுபவம் உள்ள டாக்டரின் விரலே இந்தக் கருவியை விட மேல் என்று சொல்லி ஓரமாக வைத்துவிட்டார்கள்! நாடி பார்க்கும் விரல்தான் அன்றைய டாக்டரின் கௌரவம். ஒரு ரப்பர் பட்டை அதைவிட நன்றாகச் சொல்லும் என்பதை ஏற்றுக்கொள்ள மனம் வரவில்லை.

குஷிங் விடவில்லை. மூளை ஆபரேஷனில் தலையைச் சுற்றித் துணி போர்த்திவிடுவதால் நோயாளியின் முகம் சரியாகத் தெரியாது. அதனால் அவருடைய மயக்க மருந்து டாக்டர் கிரிஃபித் டேவிஸ், ஸ்டெதஸ்கோப்பை நோயாளியின் நெஞ்சில் வைத்து ஒட்டிவிட்டு, ஆபரேஷன் முடியும் வரை இதயத்தையும் மூச்சையும் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். 1908ல் குஷிங் இதை எழுதினார். கையில் கிடைத்தவரைக் கூப்பிட்டு ஈதர் கொடுக்கச் சொன்ன காலம் போய், அதற்கென்றே ஒருவர் என்ற நிலை வந்தது. சில ஆபரேஷன்களில் மயக்கமே கொடுக்காமல் தோலை மட்டும் மரத்துப்போகச் செய்தும் குஷிங் வேலை செய்தார். மூளைத் திசுவுக்கு வலி தெரியாது என்பதால் அது முடிந்தது. 1909ல் அவர் வெளியிட்ட விவரத்தில், விழித்திருந்த நோயாளிகள் மூளையைத் தூண்டும்போது கையில் என்ன உணர்கிறோம் என்று சொன்னார்கள்.

பிறகு அவர் பாஸ்டனுக்கே திரும்பி வந்தார். மற்ற பெரிய சர்ஜன்களிடம் மூளைக் கட்டி நோயாளிகளில் மூன்றில் ஒருவருக்கு மேல் இறந்துகொண்டிருந்த காலத்தில், குஷிங்கிடம் அது பத்தில் ஒருவர் என்ற அளவுக்கு இறங்கியது. இதற்கு அந்தத் தாள் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ரத்தப் போக்கை நிறுத்தும் வெள்ளி கிளிப், அவசரப்படாத கை என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் எதனால் குறைந்தது என்று பேசுவதற்கே கணக்கு வேண்டும். அது அவரிடம் இருந்தது. அதில் தன் தப்புகளையும் எழுதினார். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இருந்த அவருடைய பழைய குறிப்புகளை ஆராய்ந்து 2011ல் ஒரு கட்டுரை வந்தது. தலையின் தவறான பக்கத்தைத் திறந்துவிட்டது உட்படப் பல பிழைகளை அவரே மறைக்காமல் எழுதி வைத்திருந்தார்.

சாப்பாட்டுப் பந்தயத்தின் இன்னொரு ஆள்

குஷிங் உலகப் புகழ் பெற்றார். கோட்மன் என்ன ஆனார்?

ஆபரேஷன் நடக்கும்போது மட்டும் கணக்கு எழுதினால் போதுமா என்று அவர் கேட்டார். நோயாளி வீட்டுக்குப் போய் ஒரு வருஷம் கழித்து எப்படி இருக்கிறார்? குணமாகவில்லை என்றால் யார் தப்பு? டாக்டருக்குத் திறமை போதவில்லையா, முடிவு தப்பா, கவனக்குறைவா? இதை ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு அட்டையில் எழுதி ஊருக்குச் சொல்ல வேண்டும் என்றார். இதற்கு 'இறுதி விளைவு' முறை என்று பெயர்.

ஆஸ்பத்திரிகளுக்கு இது பிடிக்கவில்லை. பதவி உயர்வு வயதை வைத்தா, நோயாளிகள் குணமானதை வைத்தா என்ற கேள்வி வந்துவிடுமே! 1914ல் மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில் இருந்து கோட்மன் ராஜினாமா செய்தார். 1911லேயே சொந்தமாக ஒரு சின்ன ஆஸ்பத்திரியை ஆரம்பித்திருந்தார். 1911 முதல் 1916 வரை அங்கே இருந்து வீட்டுக்குப் போனவர்கள் 337 பேர். அதில் 123 பிழைகள் என்று அவரே எண்ணி அச்சடித்து மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் அனுப்பினார். எந்தக் கடைக்காரராவது தன் கடையின் குறைகளை நோட்டீஸ் அடித்துக் கொடுப்பாரா?

1915 ஜனவரியில் நடந்த ஒரு மருத்துவர் கூட்டத்தில் பெரிய கார்ட்டூன் ஒன்றைத் திறந்து வைத்தார். மணலில் தலையைப் புதைத்துக்கொண்ட நெருப்புக்கோழி டாக்டர்களுக்குப் பொன் முட்டைகளை உதைத்துத் தள்ளுவது போன்ற படம். உண்மையைப் பார்க்க மறுக்கும் பணக்கார நோயாளிகளும், அதில் சம்பாதிக்கும் டாக்டர்களும் என்று அர்த்தம். கூட்டத்தில் பெரும் ரகளை. அவருடைய தலைவர் பதவி போனது, நண்பர்கள் விலகினார்கள், வருமானம் விழுந்தது.

ஆனால் அவருடைய யோசனை சாகவில்லை. அமெரிக்க சர்ஜன்களின் கல்லூரி ஆஸ்பத்திரிகளுக்குக் குறைந்தபட்சத் தர விதிகளைக் கொண்டுவந்து, 100 படுக்கைக்கு மேல் உள்ள 692 ஆஸ்பத்திரிகளைச் சோதித்தது. 1919ல் முடிவு வந்தது. தேறியவை 89 மட்டுமே! பெரிய பெரிய பெயர்கள் தேறவில்லை. பத்திரிகைகளுக்குத் தெரிந்துவிடுமே என்று பயந்து, நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் அந்தப் பட்டியலை அடுப்பில் போட்டு எரித்தார்கள்.

கணக்கு எழுதுவது கஷ்டம் இல்லை. எழுதிய கணக்கைப் பார்ப்பதற்குத்தான் தைரியம் வேண்டும்.

மறுபடியும் அதே ஐந்து நிமிடம்

குஷிங் 1939லும் கோட்மன் 1940லும் இறந்தார்கள். 1978ல் ஜெஃப்ரி கூப்பர் என்ற பொறியாளர் மயக்க மருந்துத் தப்புகளைப் பற்றி ஒரு ஆய்வு வெளியிட்டார். எந்த ஆஸ்பத்திரியில் இருந்து? அதே மாசசூசெட்ஸ் ஜெனரல். டாக்டர்களிடம் பேசி, தவிர்த்திருக்கக்கூடிய 359 சம்பவங்களைச் சேகரித்தார். அதில் 82 சதவீதம் மனிதத் தவறு. மூச்சுக் குழாய் இணைப்பு கழன்றது, ஊசி மருந்து மாறிப்போனது போன்ற சாதாரணத் தப்புகள்.

1986ல் ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியின் ஆஸ்பத்திரிகள் மயக்க மருந்துக்கான குறைந்தபட்ச விதிகளை வெளியிட்டன. மயக்க மருந்து டாக்டர் அறையை விட்டு நகரக் கூடாது. ரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் குறைந்தது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கப்பட வேண்டும். அதே ஐந்து நிமிடம்! 80 வருஷங்களுக்கு முன்னால் விரலே போதும் என்று சொன்ன அதே ஹார்வர்டில்தான் இது கட்டாயமானது.

அதற்குள் வேறு கருவிகளும் வந்துவிட்டன. ஜப்பானில் டக்குவோ அவோயாகி 1974ல் உருவாக்கிய தத்துவத்தில், விரல் நுனியில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைச் சொல்லும் பல்ஸ் ஆக்சிமீட்டர் வந்தது. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கினோமே, அதுதான். வெளிவிடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கருவி மூளை சர்ஜன்களுக்கு ஒரு வரப்பிரசாதம். மூளை உப்பாமல் பார்த்துக்கொள்ள அந்த எண் வேண்டும். நோயாளியை உட்கார வைத்துச் செய்யும் ஆபரேஷன்களில் தலையில் திறந்த ரத்தக் குழாய் வழியாகக் காற்று இதயத்துக்குப் போய்விடும் ஆபத்து உண்டு. அந்த எண் திடீரென்று இறங்குவது அதற்கான எச்சரிக்கை.

2008ல் உலக சுகாதார நிறுவனம் ஆபரேஷனுக்கு முன் படிக்க வேண்டிய ஒரு பக்கப் பட்டியலை வெளியிட்டது. நோயாளி யார், எந்த இடம், எந்தப் பக்கம் என்று சத்தமாகக் கேட்டு உறுதி செய்ய வேண்டும். குஷிங் தவறான பக்கத்தைத் திறந்ததை ஞாபகம் வைத்துக்கொண்டால் இதன் அருமை புரியும். டெல்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்தபோது மரண விகிதம் 1.5 சதவீதத்தில் இருந்து 0.8 ஆகக் குறைந்தது. அந்த முடிவு 2009ல் வெளியானது. செலவு? ஒரு தாள்.

கோட்மன் தனக்கென்று கல்லறைக் கல் கூட இல்லாமல் புதைக்கப்பட்டார். 2014ல்தான் மருத்துவ அமைப்புகள் சேர்ந்து பாஸ்டன் அருகே உள்ள மவுண்ட் ஆபர்ன் கல்லறையில் அவருக்கு ஒரு கல் வைத்தன.

1893ல் அந்த அரங்கத்தில் இறந்த மனிதருக்கு எந்தத் தாளும் எழுதப்படவில்லை. இது அடிக்கடி நடப்பதுதான் என்று அவர் கதையை முடித்துவிட்டார்கள். அந்த பதிலை ஒரு மாணவன் ஏற்றுக்கொள்ளவில்லை. இன்று உலகத்தில் எங்கே ஒரு மூளை ஆபரேஷன் நடந்தாலும், சர்ஜனுக்குப் பக்கத்தில் ஒருவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்களைப் பதிந்துகொண்டிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.